பெற்றோல் டேங்க் அடியில ஒழுகுது, நானே கழட்டி மாத்தலாமா? (மாருதி 800)

கொட்டகலை 800:

அண்ணன்மாரே ஒரு உதவி வேணும். வீட்டுல பழைய மாருதி 800 ஒண்ணு இருக்கு, கார்புரேட்டர் மொடல். கொஞ்ச நாளா பின் சீட்டுல உக்காந்தா பெற்றோல் வாடை தாங்க முடியல, அம்மாவுக்கு தலவலியே வந்துருது. காலைல பார்த்தா வண்டிக்கு அடியில சீமெந்து தரை ஈரமா கெடக்கு. படுத்து டோர்ச் அடிச்சு பார்த்தேன், டேங்க் அடிப்பக்கம் ஜொயின்ட் ஓரமா பெயின்ட் பொங்கி நிக்கிது, தொட்டா துரு உதிருது, அங்க இருந்து தான் கசியுது. பில்டர்லயும் செவப்பா தூள் நிக்கிது, ஏத்தத்துல எஞ்சின் இழுக்காம நிக்கப் பாக்குது.

கராஜுல கேட்டா கழட்டி வெல்டிங் புடிச்சு தாரோம்ங்கிறாங்க. மாமா சொல்றாரு பேஸ்ட் வச்சு அடைச்சா ஒரு வருசம் ஓடும்னு. எனக்கு ரெண்டுமே மனசுக்கு சரியா படல. கொழும்பு பஞ்சிகாவத்தையில பாவிச்ச டேங்க் எடுக்கலாம்னு கூட்டாளி ஒருத்தன் சொன்னான், வாங்கிட்டு வந்தா நானே மாத்தலாமா? பிளக், பிரேக் ஷூ எல்லாம் நான் தான் மாத்துறது, டேங்க் மட்டும் தொட்டதில்ல. உள்ளுக்க இன்னும் பாதிக்கு கிட்ட பெற்றோல் இருக்கு. மழை விடாம பேயுது, அதனால பின்னால தகரக் கொட்டகைக்குள்ள வச்சு செய்யலாம்னு பாக்குறேன். ஓகேயா?

நானுஓயா பாஸ்:

தம்பி மொதல்ல அந்த கொட்டகைய மறந்துருங்க. மழை விடட்டும், ஒரு நாள் பொறுத்தா ஒண்ணும் கொறஞ்சு போகாது, அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வீட்டுல இருந்து தூரமா தள்ளிட்டு போய் வெளிய நிப்பாட்டுங்க. பெற்றோல் ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, தரையோட தரையா ஊர்ந்து பள்ளத்த தேடி போகும். நம்ம பக்கம் வீடுங்க எப்படி கட்டியிருக்குனு யோசிச்சு பாருங்க, மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல டேங்க கழட்டினா ஆவி படி வழியா எறங்கி கீழ் லயத்து விறகு அடுப்புக்கு போய் நிக்கும், தீ அங்க புடிச்சு வந்த வழியே திரும்பி உங்ககிட்ட வரும். அதனால அடுப்பு, சாமி வெளக்கு, குப்பி லாம்பு, பீடி எதுவும் கீழ்ப் பக்கமா இல்லாத எடமா பாருங்க. தோட்டத்து கிரவுண்ட் மாதிரி சமமான, காத்து ஓடுற எடம் தான் சரி. கராஜ்ல அடியில நின்னு வேலை செய்ய வெட்டியிருக்கிற பிட்டுக்கு (பள்ளம்) மேல வண்டிய நிப்பாட்டி இந்த வேலைய செய்யவே கூடாது, பிட்டுக்குள்ள ஆவி எறங்கி தேங்கி நிக்கும்.

நீங்க செய்யலாம், செய்ய முடியாத வேலை இல்ல. ஆனா தனியா வேணாம், கூட ஒரு ஆள் நிக்கணும், அந்த ஆள் கையில பவுடர் எக்ஸ்டிங்குஷர் இருக்கணும். தண்ணி வாளி உதவாது, பெற்றோல் தண்ணிக்கு மேல மிதந்து எரிஞ்சிக்கிட்டே பரவும். மணல் வாளி பக்கத்துல இருந்தா நல்லது.

சைலன்சர் நல்லா ஆறினதுக்கு அப்புறம் பெட்டரி நெகட்டிவ கழட்டி ஒதுக்கி வைங்க. இத பெற்றோல் எறைக்க முன்னுக்கே செய்யணும், ஆவி பரவின பிறகு டெர்மினல கழட்டினா அந்த பொறி போதும். அப்புறம் டேங்க் மூடிய தொறந்து விட்டுட்டு பெற்றோல எறைங்க. மண்ணெண்ணெய் எறைக்கிற கை பம்ப் கடையில கெடைக்கும், அது போதும். அடியில டிரெயின் நட் இருந்தா அது வழியா எடுக்கலாம், ஆனா துரு புடிச்ச நட்ட முறுக்கினா டேங்கே பிய்ஞ்சு மொத்தமும் உங்க மேல கொட்டும். வாயால ஹோஸ உறிஞ்சுற பழக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேர்கிட்ட இருக்கு, தயவு செஞ்சு வேணாம், ஒரு மடக்கு நுரையீரலுக்கு போனா ஆஸ்பத்திரி தான். யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே 1990 அம்புலன்சுக்கு அடிங்க.

எறைக்கிற கேன தரையில வச்சு எறைங்க, டிக்கிக்குள்ளயோ சீட்டு மேலயோ வச்சு இல்ல, ஸ்டேட்டிக் கரண்ட் சேர்ந்து பொறி வரும். குளிருக்கு போடுற நைலோன் ஜெக்கட் வேணாம், பருத்தி உடுப்பு போடுங்க. போன வீட்டுல வச்சிருங்க. வெளிச்சம் வேணும்னா எல்ஈடி டோர்ச், அதையும் அடியில போக முன்னுக்கே போட்டுக்கிட்டு போங்க. ஒயர் பல்ப அடியில தொங்க விட்டு வேலை செய்யிறத நான் கராஜுகள்ல எவ்வளவோ பார்த்திருக்கேன், ஒரு சொட்டு விழுந்து பல்பு ஒடஞ்சா முடிஞ்சது.

அடுத்தது வண்டிய தூக்குறது. முன் சில்லு ரெண்டுக்கும் கட்டை கொடுங்க, ஜெக்க நம்பி அடியில போகாதீங்க, ரெண்டு பக்கமும் ஸ்டேண்ட் வேணும். செங்கல் அடுக்குறது, கருங்கல் வைக்கிறது வேணவே வேணாம். ஈர மண்ணுல ஸ்டேண்ட் கால் எறங்கும், தடிச்ச பலகை போட்டு அது மேல வைங்க.

டேங்குக்கு அடியில இன்னொரு ஜெக், அதுக்கு மேல பலகை, அந்த பலகை டேங்க தாங்குற அளவுக்கு ஏத்திட்டு தான் போல்ட்டுல கை வைக்கணும். முழுசா எறைச்சாலும் கொஞ்சம் மிஞ்சும், ஒரு லிட்டர் முக்கா கிலோவுக்கு வரும், ஒரு பக்கம் சாஞ்சா மொத்தமும் அந்த பக்கமே ஓடி டேங்க் கவுந்துரும். பெற்றோல் ஊத்துற பெரிய ஹோஸ், காத்து போற சின்ன ஹோஸ், எஞ்சினுக்கு போற லைன், திரும்பி வார லைன் இருந்தா அது, பெற்றோல் அளவு காட்டுற கேஜ் ஒயர், எர்த் ஒயர், எல்லாத்தயும் பெற்றோல் எறைக்க முன்னுக்கே போட்டோ எடுத்துட்டு போன ஒதுக்கி வச்சிருங்க, கழட்ட முன்னுக்கு டேப் ஒட்டி அடையாளம் போடுங்க. பழைய ஹோஸ் கல்லாட்டம் எறுகி இருந்தா ஸ்க்ரூட்ரைவர விட்டு நெம்பாதீங்க, நீளவாக்குல கத்தியால கீறி எடுத்துட்டு புதுசு போடுங்க. போல்ட்டுக்கு மொத நாளே டபிள்யூடி 40 (துரு இளக்குற ஸ்ப்ரே) அடிச்சு ஊற விடுங்க. வரலனா திரும்ப அடிச்சு ஊற விடுங்க. கிரைண்டர், கேஸ் டோர்ச் ரெண்டும் அந்த பக்கமே வரக்கூடாது.

பதுளை ரோட்டு:

பாஸ் சொல்றது சரிதான், ஆனா கராஜுல சொன்ன வெல்டிங் மனசுக்கு சரியா படலனு தம்பி சொல்றாரே, அதுக்கு இவ்வளவு பயப்படணுமா? எங்க ஊர்ல டேங்க கழுவி தண்ணி ரொப்பி வெல்டிங் புடிக்கிறாங்க, ரொம்ப காலமா நடக்குது. புது டேங்க் வெலை எங்க, இது எங்க. பெற்றோல் இல்லாத வெறும் டேங்க்ல என்ன எரியப் போகுது?

மஸ்கெலியா டீச்சர்:

நான் கெமிஸ்ட்ரி படிச்சுக் குடுக்குறவ, அந்தக் கேள்விக்கு பதில் சொல்லாம போக மனசு வரல. வெறும் டேங்க் தான் ஆபத்து தம்பி. பெற்றோல் ஆவி காத்துல ஏறக்குறைய 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் நடுவுல கலந்திருந்தா தான் தீ புடிக்கும். டேங்க்ல பெற்றோல் இருக்கும்போது மேல நிக்கிற ஆவி அத விட அதிகமா, காத்து பத்தாம இருக்கும். காலி பண்ணி தொறந்து வச்சதும் காத்து உள்ள போகும், ஆவி கொறஞ்சு சரியா அந்த அளவுக்கு வந்து நிக்கும். ஜொயின்ட் இடுக்குலயும் துருவுக்கு அடியிலயும் ஒட்டியிருக்கிற பெற்றோல் கழுவினாலும் போகாது, வெல்டிங் சூட்டுல தான் ஆவியா வெளிய வரும். தண்ணி ரொப்பினாலும் எங்கயாவது ஒரு மூலையில காத்து நிக்கும், வெடிக்கிறதுக்கு அந்த எடம் போதும். ஒழுங்கா செய்யிற எடத்துல நீராவி விட்டு கழுவி, நைட்ரஜன் மாதிரி எரியாத வாயு ரொப்பி, உள்ள ஆவி இல்லனு மீட்டர் வச்சு பார்த்துட்டு தான் கிட்ட போவாங்க. ரோட்டோர பட்டறையில அந்த மீட்டர் இருக்கானு கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, குளிர் ஊர்ல பெற்றோல் ஆவி ஆகாதுனு பசங்க நெனைக்கிறாங்க. பெற்றோலோட பிளாஷ் பொயின்ட், அதாவது தீ புடிக்கிற அளவுக்கு ஆவி வர ஆரம்பிக்கிற சூடு, மைனஸ் 40 டிகிரி பக்கத்துல. நுவரெலியாவுல பனி கொட்டி புல்லு வெள்ளையா நிக்கிற ஜனவரி காலையிலயும் அதுல இருந்து ஆவி வந்துக்கிட்டே தான் இருக்கும். மூடுபனி நேரத்துல காத்து அசையாம நிக்கும், வெயில் நாள விட அப்ப தான் ஆவி கலையாம தேங்கும்.

எறைச்ச பெற்றோல வீட்டுக்குள்ள வைக்காதீங்க. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல லைன்ல நின்னு வாங்கி கட்டிலுக்கு அடியில கேன்ல வச்ச பழக்கம் இன்னும் சில வீட்டுல இருக்கு. குடிதண்ணி போத்தல், சோடா போத்தல்ல ஊத்தி வைக்கவே கூடாது, பிள்ளைங்க எடுத்து குடிச்சிரும். துரு கலந்த பெற்றோல கான்ல (தண்ணி ஓடுற வாய்க்கால்) ஊத்துனா அது பீலிக்கு தான் போகும், கீழ இருக்கிற சனங்க குடிக்கிற தண்ணி அது.

லிந்துலை வேகன் ஆர்:

கேள்விய பார்த்துட்டு நானும் கேக்குறேன், என்ட வண்டி ஈஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம பெற்றோல பீச்சுற மொடல்), பம்ப் டேங்குக்கு உள்ளயே இருக்கு. அதுக்கும் இதே முறையா?

நானுஓயா பாஸ்:

வித்தியாசம் இருக்கு. 800 கார்புரேட்டர்ல பம்ப் எஞ்சின்ல இருக்கு, லைன்ல பெருசா பிரஷர் நிக்காது. உங்க வண்டியில எஞ்சின் நிப்பாட்டின பிறகும் லைன்ல மூணு பார் வரைக்கும் பிரஷர் நிக்கலாம், சும்மா கழட்டினா கண்ணுக்கே பீச்சி அடிக்கும். பம்ப் பியூஸ் இல்லனா ரிலேய எடுத்துட்டு எஞ்சின ஸ்டார்ட்ல விடுங்க, தானா ஓஞ்சு நிக்கும், ஹைபிரிட்டா இருந்தா அதுக்கு ஷோரூம்காரங்க சொல்ற முறைய கேளுங்க. அதுக்கு அப்புறம் பெட்டரிய கழட்டி, ஜொயின்ட்ட துணியால சுத்தி புடிச்சுக்கிட்டு மெதுவா விடணும், கண்ணாடி போடாம செய்யாதீங்க. பெற்றோல் பட்ட துணிய அடுப்பாங்கரை பக்கம் கொண்டு போகாம வெளிய விரிச்சு காய விடுங்க.

கொட்டகலை 800:

ரொம்ப நன்றி பாஸ், டீச்சர். இன்னைக்கு மழை விட்டுச்சு, தம்பியும் கூட்டாளியும் கூட நின்னாங்க, கிரவுண்ட்ல வச்சு டேங்க எறக்கிட்டோம். மேல் பக்கம் பார்த்தா சேறு அப்பி காயாமயே இருந்திருக்கு, அந்த எடம் எல்லாம் துரு. பஞ்சிகாவத்தை டேங்க் வந்துருச்சு, வெளிய நல்லா இருக்கு. ஏத்த முன்னுக்கு என்ன பாக்கணும்? கூட்டாளி கேஜ் வாசலுக்கு சிலிகோன் தடவ சொல்றான்.

நானுஓயா பாஸ்:

கடையில விக்கிற சாதாரண சிலிகோன் பெற்றோல்ல ஊதி கழண்டு வந்துரும், துண்டு துண்டா லைனுக்குள்ள போகும். புது கேஸ்கட் வாங்கி போடுங்க. ஹோஸும் அப்படித்தான், தண்ணி எறைக்கிற கண்ணாடி ஹோஸ் கொஞ்ச நாள்ல எறுகி வெடிக்கும், பெற்றோலுக்குனே விக்கிற ரப்பர் ஹோஸ் கேளுங்க.

டேங்குக்குள்ள டோர்ச் அடிச்சு பாருங்க, செவப்பு தெரிஞ்சா திருப்பி குடுத்துருங்க, பாவிச்ச சாமான்ல வெளிய பெயின்ட் அடிச்சு விக்கிறது நடக்கும். பழைய டேங்க் மேல இருந்த ரப்பர் பட்டைங்கள தூக்கி போட்டுறாதீங்க, அது இல்லாம வண்டி பொடியோட (பாடி) தகரம் ஒரசி புது டேங்கும் ஓட்டையாகும். போல்ட்ட ஒரு பக்கமா முழுசா இறுக்காம நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. எர்த் ஒயர் பூட்டுற எடத்த சுரண்டி சுத்தம் பண்ணுங்க, அது சரியா பிடிக்கலனா கேஜ் பொய் சொல்லும். பில்டர் புதுசு போடுங்க, லைன ரெண்டு பக்கமும் கழட்டி வச்சு காத்தடிங்க, இல்லனா பழைய துரு நேரா கார்புரேட்டருக்கு போகும்.

மொதல்ல அஞ்சு லிட்டர் மட்டும் ஊத்தி எல்லா ஜொயின்ட்டையும் வெள்ளை டிஷ்யூவால தொடச்சு பாருங்க. அது சரினா தான் ரொப்பணும்.

கொட்டகலை 800:

பாஸ் அஞ்சு லிட்டருக்கு ஒண்ணும் இல்ல, காஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு பெற்றோல் செட்ல ஃபுல் டேங்க் அடிச்சுட்டு தலவாக்கலையில இருந்து நுவரெலியா பக்கம் ஏறினேன், ஏத்தத்துல மட்டும் வாடை வருது, எறக்கத்துல இல்ல. இழுவை இப்ப நல்லா இருக்கு.

நானுஓயா பாஸ்:

நெனைச்சேன். ஏத்தத்துல பெற்றோல் பின்னுக்கு ஓடி மேல் ஹோஸுங்கள நனைக்கும், சமதரையில அரை டேங்க்ல ஓடுறவங்களுக்கு இந்த லீக் தெரியவே தெரியாது. ஊத்துற பெரிய ஹோஸ் குழாய் மேல முழுசா ஏறியிருக்கானு பாருங்க, கிளிப் குழாயோட மேட்டுக்கு மேலயே நின்னா எவ்வளவு இறுக்கினாலும் கசியும், மேட்ட தாண்டி உள்பக்கமா நிக்கணும். காத்து ஹோஸ் எங்கயும் மடிஞ்சிருக்கானும் பாருங்க. மூடிய தொறக்கும்போது உஸ்ஸுனு பெருசா சத்தம் வந்தா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு. பாக்க முன்னுக்கு மொதல்ல பெட்டரிய கழட்டிட்டு, கொஞ்சம் பெற்றோல எறைச்சு மட்டத்த கொறைச்சுக்குங்க.

கொட்டகலை 800:

கிளிப் தான் பாஸ், மேட்டு மேலயே நின்னுச்சு. ஹோஸ உள்ளுக்க தள்ளி புது கிளிப் போட்டு ஃபுல் டேங்கோட திரும்ப ஏறி வந்தேன், அம்மாவயும் பின் சீட்டுல கூட்டிட்டு போனேன், வாடையே இல்லனு சொல்றாங்க. பழைய டேங்க கொட்டகை பக்கம் சாத்தி வச்சிருக்கேன், மாமா ரெண்டா வெட்டி கரட் பாத்திக்கு தண்ணி தொட்டி ஆக்கலாம்ங்கிறாரு.

நானுஓயா பாஸ்:

வெட்ட விடாதீங்க தம்பி. டீச்சர் சொன்ன அந்த வெறும் டேங்க் இது தான், கிரைண்டர் பொறி பட்டா மாமா கையும் மூஞ்சும் போயிரும். மூடிய கழட்டிட்டு, அடுப்பு இல்லாத பக்கமா வெளிய தூரத்துல வைங்க, பிள்ளைங்க கிட்ட போகாம பாருங்க. பழைய இரும்புக்காரர் வந்தா குடுங்க, ஆனா இது பெற்றோல் டேங்க், கேஸ் வச்சு வெட்டாதீங்கனு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லி குடுங்க, டேங்க் மேலயும் பெருசா எழுதி விடுங்க.