டெக்சாஸில் தங்கச்சிக்கு நாலாம் மாதம். அங்குள்ள கருக்கலைப்புச் சட்டத்தை யாராவது விளக்குவீர்களா?

கொக்குவில்_அக்கா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி கல்யாணம் முடித்து ஹூஸ்டன் போனவள். இப்போது நாலாம் மாதம். இதற்கு முன் ஒன்று தங்கவில்லை. 2023 சித்திரையில், பதினேழாம் கிழமையில் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பிள்ளை பிழைக்காது என்றும் சொன்னார்கள். ஆனால் இதயத் துடிப்பு இருப்பதால் கருவைக் கலைக்க ஏலாதாம், காய்ச்சல் வந்தால் திரும்பி வரட்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு இரவு நான் படுக்கவில்லை. மணிக்கு ஒருதரம் வட்ஸ்அப்பில் வெப்பமானியைத் தூக்கிக் காட்டுவாள். 99.1. 99.8. 100.2. அந்த இலக்கம் ஏறினால்தான் உள்ளே எடுப்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். ஏறக்கூடாது என்று நான் நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். 102 தாண்டிய பிறகுதான் கட்டில் கிடைத்தது. கிருமி இரத்தத்தில் கலந்து ஒன்பது நாள் கிடந்தாள்.

இப்போது அம்மா, "அவளை இங்கே யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிடு, பெரியாஸ்பத்திரியில் பார்ப்போம்" என்கிறா. 2022 இல் அமெரிக்காவில் இந்தச் சட்டத்தில் உண்மையில் என்ன மாறியது? அங்கே இருப்பதா, இங்கே வருவதா?

பிரதான_வீதி (சட்டத்தரணி):

அக்கா, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 ஜூன் 24 தீர்ப்பு கருக்கலைப்பை நாடு முழுவதும் தடை செய்யவில்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1973 இல் ரோ எதிர் வேட் வழக்கில், அரசியலமைப்பே கருக்கலைப்பு உரிமையைக் காக்கிறது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1992 இல் கேசி வழக்கிலும் அதன் அடிப்படையைக் கைவிடவில்லை. பதினைந்து கிழமைக்கு மேல் கூடாது என்ற மிசிசிப்பிச் சட்டம் டொப்ஸ் வழக்காக வந்தபோது, ஐந்து நீதியரசர்கள் அப்படியொரு உரிமையே அரசியலமைப்பில் இல்லை என்றார்கள். பிரதம நீதியரசர் ரொபேட்ஸ் மிசிசிப்பிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் பழைய தீர்ப்பை முழுதாகக் கவிழ்க்க உடன்படவில்லை. ஆக, முடிவு மாநிலங்களின் கைக்குப் போனது. ரோ விழுந்தால் தடை வரும் என்று பதின்மூன்று மாநிலங்கள் முன்கூட்டியே சட்டம் எழுதி வைத்திருந்தன. அதில் ஒன்று டெக்சாஸ்.

டெக்சாஸில் 2021 செப்டெம்பரிலேயே ஏறக்குறைய ஆறு கிழமைக்கு மேல் தடை வந்துவிட்டது. உதவியவர் மீது யாரும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டொலர் கேட்கலாம் என்பது அந்தச் சட்டம். 2022 ஓகஸ்ட் 25 முதல் முழுத்தடை. கர்ப்பிணிக்குத் தண்டனை இல்லை. டொக்டருக்கு ஆயுட்சிறை வரை போகலாம், குறைந்தது 100,000 டொலர் தண்டம், வைத்திய அனுமதியும் பறிபோகும். தாயின் உயிருக்கோ உடலின் முக்கிய இயக்கம் ஒன்றுக்கோ பெரிய ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. வல்லுறவுக்குக்கூட விலக்கு இல்லை.

உங்கள் தங்கச்சிக்கு வந்த அதே நிலைக்கென்று, அதாவது பிள்ளை பிழைக்கும் பருவத்துக்கு முன் குடம் உடைவதற்கென்று, 2023 செப்டெம்பரில் ஒரு திருத்தம் வந்தது. அவளுக்கு ஐந்து மாதம் பிந்தி. அதுவும் முன்கூட்டித் தரும் அனுமதி அல்ல. வழக்கு வந்தபின் டொக்டர் எடுத்துவைக்கக்கூடிய எதிர்வாதம், அவ்வளவுதான். பாதிக்கப்பட்ட பெண்களும் டொக்டர்மாரும் விலக்கைத் தெளிவாக்கச் சொல்லிப் போட்ட வழக்கு 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2025 இல்தான் சட்டமன்றம், ஆபத்து உடனடியாக நெருங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று எழுதியது. ஆகவே இம்முறை டொக்டருக்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் சட்டப்பிரிவு அதை எப்படி வாசிக்கிறது என்பதை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_தம்பி:

அக்கா, கனடாவில் 1988 இல் குற்றவியல் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன்பிறகு புதிய தடை வரவில்லை. இங்கிருந்து ஆறு மணித்தியாலம் ஓட்டினால் அமெரிக்காவின் ஒகையோ மாநிலம், என் மச்சான் அங்கே பிரஜை. 2023 இல் இரண்டு தரம் இதற்காக வாக்களித்தார். ஓகஸ்டில், மாநில அரசியலமைப்பை மாற்ற 60 வீதம் வேண்டும் என்று விதியைக் கூட்டப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. நவம்பரில் சுமார் 57 வீதத்தோடு கருக்கலைப்பு உரிமை அந்த அரசியலமைப்புக்குள் வந்தது. அடுத்த வருடம் புளோரிடாவிலும் அதே 57 வீதம்தான், ஆனால் அங்கே 60 வேண்டும் என்பதால் தோற்றது.

அரசியலில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது மிசூரி மாநிலம்தான். 2024 நவம்பரில் ஒரே நாளில், அந்தத் தீர்ப்பைத் தந்த நீதியரசர்களில் மூவரை நியமித்த டிரம்பையும் வெல்ல வைத்தார்கள், கருக்கலைப்பு உரிமைக்கும் ஆம் என்றார்கள். மச்சான் சொன்னது இது: "தனியாகக் கேட்டால் சனம் தன் வீட்டுப் பெண்ணை நினைக்குது. கட்சியோடு சேர்த்துக் கேட்டால் விலைவாசியை நினைக்குது."

பழைய_மருத்துவிச்சி:

பிள்ளை, முப்பத்தொரு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள் நான். அம்மாவின் மனம் எனக்கு விளங்குது. ஆனால் இங்கே சட்டம் இலகு என்று நினைத்துக் கூப்பிட வேண்டாம். எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுடையது. 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புச் செய்யலாம். இல்லையென்றால் மூன்று வருடம் வரை சிறை, பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு. டெக்சாஸில் பெண்ணை விட்டுவிடுகிறார்கள், இங்கே பெண்ணும் குற்றவாளி. 1995 இல் மாற்றப் பார்த்தார்கள், பாராளுமன்றத்தில் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். 2017 இல் அமைச்சரவை ஒத்துக்கொண்டது, மதத்தலைவர்கள் எதிர்க்க அதுவும் நின்றது.

2003 இல் ஒரு பிள்ளையை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது இருக்கும். இரத்தம் சீலையைத் தாண்டி இருக்கைக்கு இறங்கியிருந்தது. என்ன குடித்தாய், எங்கே செய்தாய் என்று கேட்டால் சுவரைப் பார்த்தாள். கையை விரித்துப் பார்த்தேன், மாத்திரை அட்டை ஒன்று. மருந்தின் பெயர் இருந்த பக்கத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். என்ன மருந்து என்று தெரியாமலே வைத்தியம் பார்த்தோம். உயிர் தப்பியது, கருப்பையை எடுக்க வேண்டி வந்தது.

உன் தங்கச்சியின் வெப்பமானியை வாசித்தபோது எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது. "உயிரைக் காப்பாற்ற" என்று சட்டத்தில் எழுதுவது லேசு. எந்த மணித்தியாலத்தில் உயிர் ஆபத்து தொடங்குகிறது என்று எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது, கட்டிலடியில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவரைப் பயப்படுத்தினால் நோயாளிக்குத்தான் நேரம் போகும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முன்பு குடம் உடைந்தவள், ஆகவே கருப்பைக் கழுத்தின் நீளத்தை ஸ்கேனில் அளக்கச் சொல். நீர் கசிந்தால், வாடை வந்தால், அடிவயிறு நொந்தால் காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் போகட்டும். தனியாகப் போக வேண்டாம், வாய் திறந்து கதைக்கக்கூடிய ஒருவர் கூட நிற்க வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் தடை இல்லை. அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் இலக்கத்தை இப்போதே எடுத்து வைக்கட்டும்.

கொக்குவில்_அக்கா:

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஓட்டோப் பிள்ளையின் கதை வந்ததும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டா. திரும்பி வந்து, "அப்ப அவள் அங்கேயே இருக்கட்டும், நான் போறன்" என்றா. விசாவுக்குக் கொடுத்திருக்கிறோம்.

தங்கச்சி டொக்டரிடம் நேரடியாகக் கேட்டாளாம். அவர் கதவைச் சாத்திவிட்டு, இம்முறை காய்ச்சல் வரும்வரை வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லித் தன் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்று அவளுக்கு இன்னும் நெஞ்சு பதைக்குதாம். கழுத்து நீளம் அளக்கும் ஸ்கேன் வியாழன் அங்கே பகல் இரண்டு மணிக்கு, எங்களுக்கு நடுச்சாமம் தாண்டிவிடும். விழித்திருந்து கேட்டுவிட்டு எழுதுகிறேன்.