2 மாதக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை

ஈசூன் அம்மா: ஊசி போட பாலிகிளினிக் போனால் நெஞ்சில் சத்தம் கேட்குது என்றார்கள், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் சின்ன ஓட்டையாம். பிறந்தப்போ ஏன் தெரியவில்லை? கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார்.

தெம்பனிஸ் அப்பா: பிறந்ததும் நுரையீரலில் அழுத்தம் அதிகம், ஓட்டை வழியாக ரத்தம் அவ்வளவாகப் பாயாது, சில வாரத்தில் அழுத்தம் இறங்கிய பிறகுதான் சத்தமே கேட்கும். யார் தப்பும் இல்லை சிஸ்டர்.

ஜூரோங் அக்கா: என் மகனுக்கும் இதேதான், 2 வயதில் தானாக மூடிக்கொண்டது. சின்ன ஓட்டைகள் பலவும் அப்படித்தான். பால் குடிக்கும்போது தலை வியர்த்து மூச்சு வாங்கினாலோ எடை ஏறாவிட்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், உதடு நீலமானால் உடனே 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்). கிரகணமா? அட போங்கம்மா!

ஈசூன் அம்மா: சரிக்கா, மாமியாரிடம் காட்டுகிறேன்.