பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் விரியவில்லை: அக்குபங்சர் பலன் தந்ததா?

அப்பாவுக்கு வயது 63, ஊர் தஞ்சாவூர். கடந்த தை மாதம் மூளையின் இடப்பக்க இரத்தக்குழாய் அடைத்து, வலப்பக்கம் செயலிழந்தது. இப்போது பேச்சு தெளிந்துவிட்டது. கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார். வலக்கைதான் கவலை. தோளைத் தூக்குகிறார், முழங்கை பாதி நீள்கிறது, விரல்கள் மட்டும் இறுகி மூடியே கிடக்கின்றன. டம்ளரைக் கையில் வைத்தால் பிடித்துக்கொள்கிறார், விட முடிவதில்லை. ஆனால் கொட்டாவி விடும்போது அதே கை தானாக உயர்கிறது! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

பிசியோதெரபி தினமும் நடக்கிறது. நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் பார்த்துச் செய்யும் கண்ணாடிப் பயிற்சியும், இரவில் விரல்களை நீட்டிக் கட்டும் ஸ்பிளிண்ட்டும் பார்த்தாயிற்று. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரையில் எந்நேரமும் தூங்கி வழிந்தார். மருத்துவர் அளவைக் குறைத்துவிட்டார். இறுகிய தசையில் போட்டுத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி எங்கள் கைக்கு எட்டாத செலவு.

அக்குபங்சர் பற்றிப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பு, பலன் இருக்கலாம், ஆனால் சான்றுகளின் தரம் போதாது என்கிறது. அதனால்தான் அனுபவப்பட்டவர்களிடம் கேட்கிறேன். அப்பா இரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். அதை நிறுத்த முடியாது.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டே, பிசியோதெரபியுடன் சேர்த்து, ஊசியில் மின்தூண்டல் கொடுக்கும் அக்குபங்சர் செய்துகொண்டவர்கள் யாருக்காவது மூடிய விரல்கள் திறந்தனவா?