ஸ்நெர்ட்ல கரண்டி நிக்குமா நிக்காதா?

ஸ்நெர்ட்_சரோஜா:
போன வாரம் இங்க ஒரு புண்ணியவான் எழுதியிருந்தாரு, "டச்சுக்காரனுக்கு சமையல்னு ஒண்ணு கிடையாது, குளிர்காலத்துல ஸ்நெர்ட் ஸ்நெர்ட்னு ஒரு கெட்டிப் பட்டாணி சூப்புக்குக் குதிக்கிறாங்களே, அது நம்ம பருப்புக் கடையலோட முந்தின நாள் மிச்சம், அதுல கரண்டி நட்டமா நிக்கும்னு சொல்றதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு விடற ரீல்"னு. அதுக்கு நாப்பது பேர் லைக்கு வேற. நான் நெதர்லாந்துல லெய்டன்ல 11 வருஷமா குப்பை கொட்டறேன், எனக்கு இதைப் பார்த்து வயிறு எரிஞ்சுது. ரீல் இல்லைங்க. கரண்டி நிக்கும். கீழ்வீட்டுப் பாட்டி ஃப்ரீஸ்லாந்துக்காரங்க, எண்பத்திரெண்டு வயசு, அவங்க எனக்கு சொல்லிக் குடுத்தது: உடைச்ச பச்சைப் பட்டாணி அரைக் கிலோ, ஊற வைக்க வேண்டாம், ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி, ஒரு பன்னிக்கால், கொஞ்சம் விலா எலும்பு. கொதிச்சதும் மேல வர்ற நுரையை எடுத்துட்டு அடுப்பை சிம்ல வச்சிடணும். அப்புறம் பாதி க்னோல்செல்டரை (செலரிக் கிழங்கு, பார்க்க மண்ணு ஒட்டின சேனைக்கிழங்கு மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க), ரெண்டு கேரட்டு, ஒரு பெரிய லீக்ஸ், வெங்காயம். ரெண்டு ரெண்டரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் அடுப்பை விட்டு நகரக்கூடாது, அடி பிடிச்சா போச்சு. கறியை எலும்புலேர்ந்து உதிர்த்துப் போட்டு, கடைசியில ரோக்வொர்ஸ்ட், அதாங்க புகை போட்ட சாசேஜ், வட்ட வட்டமா. மூடி வச்சு பால்கனியில வச்சுட்டுத் தூங்கப் போயிடணும். காலையில கரண்டியைக் குத்துங்க. நிக்கும். அவ்ளோதான்.

கணக்கன்_ஐந்தோவன்:
அந்தப் புண்ணியவான் அடியேன்தான், பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் மேடம், நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன். சும்மா வாய்க்கு வந்ததை எழுதற ஆளும் இல்ல நான். சனிக்கிழமை செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுதினேன். இதே பட்டாணி, இதே கிழங்கு, குக்கர்ல நாலு விசில். கரண்டியை நட்டேன். மூணு செகண்டு. பஸ்ல தூங்கறவன் தலை பக்கத்து சீட்டுக்காரன் தோள்ல சாயுமே, அந்த மாதிரி மெதுவா சாஞ்சு பொத்துனு விழுந்துச்சு. ஃபேக்ட் இஸ் ஃபேக்ட். கரண்டி நிக்காது.

ஸ்நெர்ட்_சரோஜா:
குக்கர்லயா!!! நாலு விசிலா!!! இதைப் பாட்டிகிட்ட சொன்னா அவங்க எனக்குக் கதவைத் திறக்க மாட்டாங்க. சார், செஞ்ச உடனே சூடா கரண்டியை நட்டா நம்ம பொங்கல்லயே நிக்காது. ஆறணும். பட்டாணியில இருக்கற மாவுச்சத்து ஆற ஆறத்தான் இறுகும், பன்னிக்கால்லேர்ந்து வர்ற பசையும் அப்பதான் ஜெல்லியா பிடிக்கும். இது ரெண்டும் சேர்ந்துதான் கரண்டியை நிக்க வைக்குது. நீங்க பன்னிக்கால் போட்டீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க.

கணக்கன்_ஐந்தோவன்:
சிக்கன் போட்டேன்.

ஸ்நெர்ட்_சரோஜா:
😂😂😂 மக்களே பார்த்துக்கோங்க. சிக்கன் போட்டு நாலு விசில் விட்டவரு டச்சு சமையலுக்குத் தீர்ப்பு எழுதறாரு.

நடுநிலை_நாகராஜ்:
ஒரு நிமிஷம். எந்தக் கரண்டின்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமே? மரக் கரண்டியா, சூப் ஸ்பூனா? சூடாவா, ஆறியா? எத்தனை செகண்டு நின்னா "நிக்குது"ன்னு கணக்கு? இதை வச்சுக்கிட்டா பாதி சண்டை முடிஞ்சிடும்.

கணக்கன்_ஐந்தோவன்:
எந்தக் கரண்டியா இருந்தாலும் நிக்காது.

ஸ்நெர்ட்_சரோஜா:
எந்தக் கரண்டியா இருந்தாலும் நிக்கும்.

பனங்கிழங்கு:
பிள்ளையள், நான் 91இல இஞ்ச வந்தனான். முகாமில முதல் கிழமை தந்த சாப்பாட்டில இதுவும் ஒண்டு. பச்சையா, கட்டியா, எங்கட ஒடியல் கூழ் மாதிரி இருக்கெண்டு நினைச்சு வாயில வச்சன், உறைப்பில்லை, புளிப்பில்லை, ஒண்டுமில்லை. இப்ப அது இல்லாமல் எனக்கு மார்கழி இல்லை. 97 தை 4ஆம் திகதி எல்ஃப்ஸ்டேடன்டொக்ட் நடக்கேக்க லேவார்டனில ஐஸ் ஓரத்தில நிண்டனான். பதினொரு ஊர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், உறைஞ்ச வாய்க்காலில ஸ்கேட் பண்ணி ஓடுறது. அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் அது நடக்கேல்லை, ஐஸ் தடிக்கிறேல்லை. வெண்டது ஹெங்க் ஆங்கெனெண்ட், ஸ்ப்ரௌட்யெஸ் பயிரிடுற கமக்காரன், அந்தக் குட்டிக் குட்டிக் கோவா இருக்கெல்லே, அது. ஐஸ் ஓரத்தில கூக்-என்-சோப்பி எண்டு சின்னக் கொட்டில் போட்டு கோப்பையில ஸ்நெர்ட் வித்தவை. கையுறையைக் கழட்டிப்போட்டு அந்தக் கோப்பையை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டது இப்பவும் உள்ளங்கையில இருக்கு. அதில கரண்டி நிண்டது. நான் கண்ணால கண்டனான்.

கணக்கன்_ஐந்தோவன்:
ஐயா, கோப்பையில எந்தக் கரண்டியும் நிக்கும். டீயில போட்டாலும் விளிம்புல சாஞ்சு நிக்கும். சாட்சி எடுபடாது.

பனங்கிழங்கு:
தம்பி, நான் பொய் சொல்லுறன் எண்டுறீரோ? நீர் பிறக்க முன்னம் இந்த நாட்டில சைக்கிள் ஓடினவன் நான்.

கணக்கன்_ஐந்தோவன்:
நான் 88ல பிறந்தவன் ஐயா. கணக்கு உதைக்குது.

சைவப்பூனை:
பன்னிக்கால் இல்லாம செய்ய முடியாதா? சைவ ரோக்வொர்ஸ்ட் சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்குதே. நான் பட்டாணியைக் கொஞ்சம் கூடப் போட்டு ஒரு உருளைக்கிழங்கையும் வேக வச்சு மசிச்சு விடறேன், நல்லா கெட்டியாதான் வருது. கரண்டி நிக்குதான்னு பார்த்ததில்ல.

ஸ்நெர்ட்_சரோஜா:
உங்க இஷ்டம்ங்க, நல்லாவும் இருக்கும். ஆனா அதுக்குப் பேரு பட்டாணி சூப்பு. ஸ்நெர்ட்னு சொல்லாதீங்க.

சைவப்பூனை:
ஓ, இப்ப நீங்கதான் சர்டிஃபிகேட் தர்றீங்களா? என் ஆஃபீஸ்ல இருக்கற அசல் டச்சுக்காரியே சைவமாதான் செய்யறா. போன வருஷம் நான் வெந்தயக் கீரைக்கு பதிலா பூரன்கோல், அதான் கேல் கீரை, போட்டு பருப்பு வச்சேன்னு சொன்னப்பவும் நீங்க இப்படித்தான் "அது ஸ்டாம்ப்பாட்டுக்கு மட்டும்தான்"னு வந்து குதிச்சீங்க. மறக்கல.

ஸ்நெர்ட்_சரோஜா:
ஏன்னா பூரன்கோல் பனி விழுந்த பிறகு பறிச்சா தனி ருசி. உருளைக்கிழங்கோட மசிச்சு, நடுவுல குழி பண்ணி கறிச்சாறு ஊத்தி சாப்பிட வேண்டியது. அதைப் போய் பருப்புல போட்டு பெருங்காயம் தாளிச்சா எப்படிங்க?

கணக்கன்_ஐந்தோவன்:
பெருங்காயம் தாளிச்சா அந்தக் கீரைக்கே அதிர்ஷ்டம். நான் ஸ்நெர்ட்டுக்கே சீரகமும் வரமிளகாயும் நெய்யில தாளிச்சுக் கொட்டினேன், அப்புறம்தான் வாயில வைக்க முடிஞ்சுது. இன்னொண்ணு தெரியுமா, டச்சுலயே ஸ்நெர்ட்னா "உருப்படாதது"ன்னும் அர்த்தம். மழையும் காத்துமா இருந்தா "ஸ்நெர்ட்வேர்"ம்பாங்க. பேர் வச்சவனுக்கே தெரிஞ்சிருக்கு.

ஸ்நெர்ட்_சரோஜா:
நம்ம ஊர்ல ஒருத்தனை "தயிர்சாதம்"னு கிண்டல் பண்ணா தயிர்சாதம் மட்டமாயிடுமா? என்ன லாஜிக்கு இது? நாலு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சு, சைக்கிள்ல எதிர்காத்துல மிதிச்சு, காது ரெண்டும் கழண்டு விழற மாதிரி வீட்டுக்கு வந்து, கண்ணாடி ஜன்னல் பூரா ஆவி பிடிச்சிருக்கற சமையக்கட்டுல உக்காந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பாருங்க. பக்கத்துல ரொஹெப்ரோட், அதான் கறுப்பு கம்பு ரொட்டி...

கணக்கன்_ஐந்தோவன்:
கம்பு இல்ல. ரை. கம்புங்கிறது நம்ம கம்பங்கூழ் கம்பு.

ஸ்நெர்ட்_சரோஜா:
சரி ரை!! அந்த ரொட்டி மேல கடுகு தடவி, காகிதம் மாதிரி சீவின காட்டன்ஸ்பெக், அதாங்க புகை போட்ட பன்னிக்கறி, வச்சு கடிச்சுக்கணும். மொறுமொறுன்னு இல்ல, ஈரமா, லேசா புளிச்சு, தித்திச்சு...

கணக்கன்_ஐந்தோவன்:
ஈரச் செங்கல்னு சுருக்கமா சொல்லலாம்.

பனங்கிழங்கு:
அந்தப் பாணுக்கு மேல கட்டச்சம்பல், எங்கட இடிச்ச மிளகாய்ச் சம்பல், வச்சுச் சாப்பிடவேணும். மனிசி இடிச்சு வைக்கிறவ. இல்லாட்டி தோக்கோவில, ஆசியச் சாமான் கடையில, சம்பல் ஊலெக் எண்ட மிளகாய் விழுது போத்தில் வாங்கிறது. இந்தோனேசியாவை ஆண்ட காலத்திலயிருந்து இவையளுக்கும் அந்தப் பழக்கம் இருக்குத்தானே, எந்த வீட்டுக் குளிர்ப்பெட்டியிலயும் ஒரு போத்தில் கிடக்கும்.

புதுசு_2:
வணக்கம். நான் ஆம்ஸ்டல்வேனுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. ரோக்வொர்ஸ்ட் ஹேமாகிட்ட நல்லா இருக்கும்னு ஆஃபீஸ்ல சொன்னாங்க. ஹேமா யாருங்க, வீட்டு முறையில செஞ்சு தர்றாங்களா? அப்புறம் இட்லி மாவு புளிக்கவே மாட்டேங்குது, ஏதாவது வழி சொல்லுங்க அக்கா.

சைவப்பூனை:
😂 ஹேமா ஆள் இல்லப்பா, கடை. 1926லேர்ந்து இருக்கு. சட்டி, துண்டு, மெழுகுவத்தி, எல்லாம் விக்கற கடையில சூடா சாசேஜும் விப்பாங்க.

நடுநிலை_நாகராஜ்:
நான் கேட்டதுக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல. எந்தக் கரண்டி?

கணக்கன்_ஐந்தோவன்:
மேடத்துக்கு ஆதாரம்னா அலர்ஜி சார், நீங்க வேற. போன அக்டோபர்ல இதே ஆளு "ஹுட்ஸ்பாட்ங்கற கிழங்கு மசியலை 1574லேர்ந்து லெய்டன்ல சாப்பிடறோம், ஸ்பானியப் படை முற்றுகையை விட்டுட்டு ஓடினப்ப விட்டுட்டுப் போன சட்டியில இருந்தது, அதே உருளைக்கிழங்கு அதே கேரட்டு"ன்னு எழுதினாங்க. 1574ல இந்த ஊர்ல எவன் வீட்டுல உருளைக்கிழங்கு இருந்துச்சு? அது சாதா சனங்க தட்டுக்கு வரவே 18ஆம் நூற்றாண்டு ஆயிடுச்சு.

ஸ்நெர்ட்_சரோஜா:
அப்ப பாஸ்டினாக் கிழங்கு போட்டாங்க, பிற்பாடு அந்த இடத்துக்கு உருளைக்கிழங்கு வந்துச்சு, இதையும் அப்பவே எழுதினேன், நீங்க மேல் வரியைப் படிச்சுட்டு ஓடிட்டீங்க. மிளகாய் கூடத்தான் போர்ச்சுகீசுக்காரன் கொண்டாந்தது, அதுக்காக உங்க வீட்டுக் காரக்குழம்பு நம்மளுது இல்லைன்னு சொல்வீங்களா? முற்றுகை நீங்கின அக்டோபர் 3 ஆனா இன்னைக்கும் ஊரே ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வாங்க கியூவுல நிக்குது. வந்து பாருங்க, ஐந்தோவன்லேர்ந்து ரயில் இருக்கு.

கணக்கன்_ஐந்தோவன்:
கியூ நிக்கும். கரண்டி நிக்காது.

ஸ்நெர்ட்_சரோஜா:
ஓகே. இன்னைக்கு சனிக்கிழமை. செய்யறேன். நாளைக்கு காலையில போட்டோ போடறேன், எல்லாரும் இங்கேயே இருங்க.

பனங்கிழங்கு:
மூடிக்கு மேல பாரம் வையும் தங்கச்சி. போன வருசம் எங்கட பல்கனியில கடற்காகம் வந்து மூடியைத் தள்ளிப்போட்டு ரோக்வொர்ஸ்ட்டை மட்டும் பொறுக்கித் திண்டிட்டுப் போட்டுது.

ஸ்நெர்ட்_சரோஜா:
செங்கல் வச்சிருக்கேன் அண்ணா. கணக்கன் சாரோட ரொட்டி இல்ல, நிஜ செங்கல்.

*(மறுநாள்)*

ஸ்நெர்ட்_சரோஜா:
காலை 9:10. வெளிய 2 டிகிரி. போட்டோ மேல இருக்கு. நட்டு வச்சுட்டு காபி போட்டுக் குடிச்சு முடிச்சேன், அப்படியே நிக்குது. மூடியைத் திறந்தப்ப மேல ஒரு சுருக்கம் விழுந்து, பச்சைக் களிமண்ணு மாதிரி, கரண்டி உள்ள போறப்ப "பிளக்"னு ஒரு சத்தம். கண்ணுல ஒத்திக்கணும் போல இருந்துச்சு. யாராவது ஏதாவது சொல்லணுமா?

சைவப்பூனை:
நிக்குதுதான். பன்னிக்கால் போட்டதால இல்ல, பட்டாணியாலதான் நிக்குது. அதை மட்டும் பதிவு பண்ணிக்கறேன்.

கணக்கன்_ஐந்தோவன்:
ஜூம் பண்ணிப் பார்த்தேன். கரண்டிக்குப் பின்னாடி சிவப்பா வட்டமா ஒண்ணு தெரியுது. ரோக்வொர்ஸ்ட் துண்டு. அது மேல சாஞ்சு நிக்குது.

ஸ்நெர்ட்_சரோஜா:
சாஞ்சு நிக்கறதும் நிக்கறதுதான்!

கணக்கன்_ஐந்தோவன்:
ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டா நிக்கும். அதுக்காக ஸ்கூட்டர் தானா நிக்குதுன்னு சொல்லலாமா?

ஸ்நெர்ட்_சரோஜா:
ஸ்டாண்டும் ஸ்கூட்டரோட பாகம்தான் சார். ரோக்வொர்ஸ்ட்டும் ஸ்நெர்ட்டோட பாகம்தான். பாட்டிகிட்ட உங்க ஸ்கூட்டர் கதையை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அந்தப் பையன் சிக்கன் போட்டவன்தானே"ன்னு மட்டும் கேட்டாங்க.

நடுநிலை_நாகராஜ்:
போட்டோவுல இருக்கறது மரக் கரண்டி. கிரிக்கெட் பேட்டைத் தூக்கிட்டு வந்த மாதிரி அகலமா இருக்கு. நான் முந்தாநேத்தே கேட்டேன். இனிமே இந்தத் திரிக்கு வரமாட்டேன்.

பனங்கிழங்கு:
ஆறினது போகட்டும், சூடாக்கிப்போட்டு ஒருக்கா நட்டுப் பாரும். ஐஸ் ஓரத்தில தந்தது சூடாத்தான் இருந்தது. அதிலயும் நிண்டது.

கணக்கன்_ஐந்தோவன்:
கோப்பையில ஐயா, கோப்பையில!

புதுசு_2:
அக்கா, அந்த இட்லி மாவு...

ஸ்நெர்ட்_சரோஜா:
ஓவன் உள்ள லைட்டை மட்டும் போட்டுட்டு பாத்திரத்தை வச்சுடும்மா, ராத்திரி பூரா. காலையில பொங்கி இருக்கும்.

கணக்கன்_ஐந்தோவன்:
லைட்டு போட்டா பொங்காது. போன டிசம்பர்லயே தெர்மாமீட்டர் உள்ள வச்சு நாலு ராத்திரி அளந்து டேபிள் போட்டு எழுதினேன், அப்பவும் இதே ஆளுதான் ஒத்துக்கல.

ஸ்நெர்ட்_சரோஜா:
உங்க ஓவன்ல பொங்காது. என் ஓவன்ல பொங்கும்.