படத்தில வந்த கறுப்பு லிமோசின், மட்காட்டில கண்ணாடி: என்ன கார் எண்டு சொல்லுவியளா?

முதிரைத்துண்டு (புதுக்குடியிருப்பு):
வணக்கம். நான் தளபாட வேலை செய்யிறன். பட்டறையில மிஞ்சிற முதிரைத் துண்டுகளில பழைய கார்களைச் சின்னதாச் செதுக்கிறது என்ர பெரிய விருப்பம். அண்டைக்கு ஒரு பழைய சண்டைப்படம் போனில பாத்தன். குரல் தமிழில மாத்தினது. தொடக்கம் வெட்டுப்பட்ட கொப்பி எண்டபடியா படத்தின்ர பேர் தெரியாது. சீனப்படமோ, யப்பான் படமோ, கொரியப்படமோ எண்டும் விளங்கேல்ல.

இரவு, மழை. ஹொட்டல் வாசலில நீளமான கறுப்புக் கார் ஒண்டு வந்து நிக்குது. சதுரமான உடம்பு, பின் யன்னலுகளில வெள்ளைத் திரைச்சீலை. கிறிலின்ர நடுவில பொன் நிறத்தில பறவை மாதிரி ஒரு சின்னம். பக்கக் கண்ணாடி கதவில இல்லை, பொனட்டுக்குப் பக்கத்தில முன் மட்காட்டில நிக்குது. ட்ரைவர் வலப்பக்கம். எனக்கு மறக்கேலாமல் கிடக்கிறது உள்ளுக்க எடுத்த காட்சிதான்: பின்னால இடப்பக்கம் இருக்கிற பெரியவர், முன்சீற்றின்ர முதுகில உள்ள ஓட்டைக்குள்ளால காலை நீட்டுறார். இப்பிடி ஒரு காரைச் செதுக்காமல் விட மனம் வரேல்ல. என்ன கார், எந்தக் காலத்துக் கார், அளவு என்ன?

கரடிப்போக்கு:
ரோல்ஸ் ரோய்ஸ் சில்வர் ஷடோவா இருக்குமோ? அதிலயும் செட்டை விரிச்ச உருவம் இருக்கு. வலப்பக்க ஸ்ரியரிங்கும் பொருந்துது.

வவுனியா கராஜ்:
தம்பி, அது ரோல்ஸ் இல்லை. ரோல்ஸின்ர செட்டை உருவம் கிறிலுக்கு மேல நிக்கும், நடுவில பதிஞ்சிருக்காது. கண்ணாடியைப் பாருங்கோ. யப்பானில 1983 வரைக்கும் கதவில கண்ணாடி பூட்டச் சட்டம் விடேல்ல, முன் மட்காட்டிலதான் பூட்டோணும். எங்கட பக்கம் வந்த பழைய றீகண்டிஷன் கார்களிலயும் அந்தக் கண்ணாடி நிண்டது. மட்காட்டில கிடந்த ஓட்டையை பட்டி வைச்சு அடைச்சு, கண்ணாடியைக் கதவுக்கு மாத்தித் தரச் சொல்லி ஆக்கள் வருவினம்.

ஸ்ரியரிங்கை வைச்சும் பாக்கலாம். சீனாவிலயும் கொரியாவிலயும் இடப்பக்கம். வலப்பக்கம் எண்டா யப்பான், ஹொங்கொங், தாய்லாந்து. மட்காட் கண்ணாடியையும் சேர்த்துப் பாத்தா யப்பான்தான்.

அந்தக் காலத்து யப்பான் பெரியாக்களின்ர கார் எண்டா மூண்டு: ரொயோட்டா சென்சுரி, நிசான் பிரெசிடென்ட், மிற்சுபிசி டெபோனெயர். டெபோனெயர் 1964 இல வந்து 1986 வரைக்கும் பெரிசா உருமாறாமல் ஓடினது. பாக்க அமெரிக்கக் காரைச் சுருக்கின மாதிரி இருக்கும், எஞ்சின் சின்னது. நீங்கள் சொல்லுறது அது இல்லை எண்டு நினைக்கிறன்.

பரந்தன் வாகனம்:
அண்ணை சொன்னது சரி. முன்சீற் ஓட்டை பிரெசிடென்டிலயும் இருந்தது, சென்சுரியிலயும் இருந்தது. அதை மட்டும் வைச்சு முடிவு சொல்லேலாது. ஆனா கிறில் நடுவில பொன் பறவை எண்டா சென்சுரி. ரொயோட்டாவின்ர வழமையான சின்னம் அதில முன்னுக்கு இராது, ஹோ-ஓ எண்ட புராணப் பறவைதான் இருக்கும். படத்தை நிப்பாட்டி இலக்கத்தகட்டைப் பாக்க ஏலுமோ? மேல் வரியில இருக்கிற எண்ணைச் சொல்லுங்கோ.

முதிரைத்துண்டு:
பாத்தன் அண்ணை. வெள்ளைத் தகடு, பச்சை எழுத்து. மேல் வரியில அவையின்ர எழுத்து ரெண்டு, பக்கத்தில 33. படத்தில ஒருத்தரிட்டயும் கைப்போன் இல்லை, கூண்டுக்குள்ள நிண்டுதான் கதைக்கினம்.

பரந்தன் வாகனம்:
அப்ப சந்தேகமில்லை. வெள்ளையில பச்சை எண்டா சொந்தப் பாவனைக் கார், வாடகைக் காருக்குப் பச்சைத் தகட்டில வெள்ளை எழுத்து. மூண்டில தொடங்கினா பெரிய கார். 1998-99 இலதான் அந்த எண் மூண்டு இலக்கமானது, அதுக்கு முந்தி 33 மாதிரி ரெண்டு இலக்கம். ரெண்டாவது சென்சுரி 1997 இல வந்தது, அதுக்கு 5 லீற்றர் வீ12 எஞ்சின். கைப்போன் இல்லாத படம் எண்டபடியா உங்கட கார் முதலாவது சென்சுரி.

அது 1967 இல வந்தது. ரொயோட்டாக் குழுமத்தைத் தொடக்கின சகிச்சி ரொயோடா 1867 இல பிறந்தவர், அவற்ற நூற்றாண்டுக்காகத்தான் அந்தப் பேர். முதல் 3 லீற்றர் வீ8, பிறகு 3.4, கடைசியா 4 லீற்றர். முப்பது வருசம் உருவத்தைப் பெரிசா மாத்தாமல் செய்தவை. ஓடுற ஆளுக்கில்லை, பின்னால இருக்கிற ஆளுக்கெண்டே கட்டின கார் அது. 65 சென்ரிமீற்றர் நீட்டின லிமோசின் வகையும் பிறகு வந்தது. ஆனா ஓட்டைக்குள்ளால கால் நீட்டினவர் எண்டா சாதாரண நீளக் காராத்தான் இருக்கோணும்.

அளவு: நீளம் ஆரம்பத்தில 4.98 மீற்றர், பிந்தினதுகள் 5.12. அகலம் 1.89. முன் பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 2.86. இருபதில ஒரு பங்கு எடுத்தா, பிந்தினதுக்கு நீளம் 25.6 சென்ரிமீற்றர், அகலம் 9.45, சில்லுத் தூரம் 14.3.

முதிரைத்துண்டு:
பெரிய உதவி அண்ணை. 10 சென்ரிமீற்றர் அகலத் துண்டு ஒண்டு கிடக்கு, அதில வரும். சீற்றுக்கு கறுப்புத் தோல் வெட்டி ஒட்டலாமோ?

வவுனியா கராஜ்:
தோல் போடாதேங்கோ தம்பி. சென்சுரியில கம்பளித் துணிச் சீற்றைத்தான் கனபேர் விரும்பி எடுத்தவை. தோல் எண்டா ஆள் அசையேக்க கிறீச்செண்டும், பின்னால இருக்கிறவருக்கு அந்தச் சத்தமும் கூடாதாம். பழைய சுவெற்றர் துண்டு காணும். மட்காட் கண்ணாடியை உடம்போட சேர்த்துச் செதுக்க வேண்டாம், முதிரை அந்த மெல்லிசில வெடிக்கும். வேறயாச் செய்து, ஊசித் துளை போட்டு, செம்புக் கம்பியில நிப்பாட்டுங்கோ. முடிஞ்ச உடன படம் போடுங்கோ.