பிகேஏ தப்பாகவே வருகிறது, நாளை ரெக்கார்டு வைக்கணும், அவசரம்!

தண்டையார்பேட்டை_கெம்:
வணக்கம். பிகேஏ, அதாவது அமிலம் எவ்வளவு எளிதில் அயனிகளாகப் பிரியும் என்று காட்டும் எண்ணைக் கண்டுபிடிக்கிற சோதனை. 4.2 வரவேண்டும், எனக்கு 4.8, 4.9 என்றே வருகிறது. மூன்று முறை செய்துவிட்டேன். பிஹெச் மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

பியூரெட்_பிரியன்:
எந்தப் பொருள்? எவ்வளவு எடுத்தீர்கள்? எதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு டைட்ரேஷன்? "மீட்டர் சரி" என்றால் எந்த பஃபரில் (பிஹெச் தெரிந்த கரைசலில்) பார்த்தீர்கள்?

வியாசர்பாடி_வாத்தியார்:
4.2 என்றால் பென்சாயிக் அமிலமாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் ஏசி உண்டா? புத்தகத்து மதிப்பு 25 டிகிரிக்கு. நம் ஊர் வெயிலில் அது எப்படி வரும்?

முதுவேதியர்:
இதெல்லாம் பி.எஸ்சி. முதலாண்டுப் பாடம். கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழகுங்கள் தம்பி. காஸ்டிக் சோடா பாட்டிலைத் திறந்தே வைத்திருப்பீர்கள், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆகியிருக்கும். இதே பதிலை எத்தனை தடவைதான் எழுதுவது?

தண்டையார்பேட்டை_கெம்:
தம்பி இல்லை சார், தங்கச்சி. பென்சாயிக் அமிலம்தான். 0.25 கிராம், மொத்தம் 50 மில்லி. காஸ்டிக் 0.1 மோலார், அன்றைக்கே ஆக்சாலிக் அமிலம் வைத்து ஸ்டாண்டர்டைஸ் செய்து செறிவைச் சரிபார்த்தேன். பஃபர் 4, 7. அறையில் 31 டிகிரி. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டதால் பேட்டரி கடையில் தண்ணீர் வாங்கினேன்.

மணலி_மாமா:
அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்! பேட்டரி தண்ணீர் என்று சில கடைகளில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்துக் கொடுப்பார்கள்.

கொருக்குப்பேட்டை_குடுவை:
ஆர்.ஓ. என்றால் அவ்வளவு இளக்காரமா? காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரை ஆர்.ஓ.வில்தான் குடிநீராக்குகிறார்கள், நாளுக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் தரக் கட்டிய நிலையம் அது. வடசென்னையே அதைக் குடிக்கிறது.

மணலி_மாமா:
குடிக்கிற தண்ணீரும் டைட்ரேஷன் தண்ணீரும் ஒன்றா? உப்பைத்தான் ஆர்.ஓ. வடிகட்டியில் உள்ள சவ்வு பிடிக்கும். கரைந்த கார்பன் டை ஆக்சைடு நேராக உள்ளே வந்துவிடும். கொதிக்கவைத்து, மூடி ஆறவைக்காமல் தொடவே கூடாது.

கொருக்குப்பேட்டை_குடுவை:
எங்கள் தெருவுக்கு லாரி வந்தாலே பெரிய விஷயம். நீங்கள் சவ்வைப் பற்றிப் பேசுங்கள்.

ஓரமாய்_ஒருவன்:
தண்ணீர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தங்கச்சி, 0.25 கிராம் எப்படிக் கரைந்தது? 25 டிகிரியில் 50 மில்லி தண்ணீரில் சுமார் 0.17 கிராம்தான் கரையும்.

தண்டையார்பேட்டை_கெம்:
கரையவில்லை அண்ணா. அதனால் 15 மில்லி எத்தனாலில் கரைத்து, தண்ணீர் விட்டு 50 ஆக்கினேன். எல்லோரும் செய்வதுதானே என்று எழுதவில்லை.

ஓரமாய்_ஒருவன்:
அதுதான் விஷயம். நீங்கள் அளந்தது தண்ணீரில் உள்ள பிகேஏ இல்லை, முப்பது சதவீத எத்தனாலில் உள்ள பிகேஏ. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 78, எத்தனாலுடையது 24 போல. இந்த எண் குறைந்தால் எதிரெதிர் அயனிகள் பிரிந்து நிற்பது கடினம். எத்தனால் கலந்தால், அமிலம் பிரிந்து வரும் பென்சோயேட், ஹைட்ரஜன் அயனிகளுக்கு வசதி குறைகிறது, அமிலம் பிரியத் தயங்குகிறது, பிகேஏ ஏறுகிறது. போதாக்குறைக்கு, தண்ணீர் பஃபரில் சரிபார்த்த மீட்டர் இந்தக் கலவையில் காட்டுவது அசல் பிஹெச்சும் இல்லை.

வாத்தியார் சொன்ன வெப்பநிலை விஷயம் அமீன்களுக்கு (நைட்ரஜன் உள்ள காரங்களுக்கு) நன்றாகவே பொருந்தும். பென்சாயிக் அமிலத்துக்கு 25-லிருந்து 31-க்குப் போனாலும் மாற்றம் இருக்கிற இடம் தெரியாது.

0.06 கிராம் மட்டும் எடுங்கள். எத்தனால் வேண்டாம், லேசாகச் சூடாக்கினால் 50 மில்லியில் கரைந்துவிடும், ஆறியதும் ஆரம்பியுங்கள். 0.01 மோலாருக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. ரொம்பவும் குறைக்காதீர்கள்: 0.001 மோலாரில் பாதி நடுநிலையாக்கிய இடத்தின் பிஹெச்சை அப்படியே பிகேஏ என்று எழுதினால் 0.09 கூடுதலாக வரும், அமிலம் தானாகப் பிரிவதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். காஸ்டிக் 5 மில்லி செலவாகும், அரை அரை மில்லியாக விட்டு ஒவ்வொரு தடவையும் மீட்டர் நின்றபின் குறியுங்கள். ஒரே புள்ளியை நம்பாமல் நடுவிலுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் பிகேஏ போட்டுச் சராசரி எடுங்கள்.

தண்ணீரில் கரையவே கரையாத பொருள் என்றால் எத்தனாலைப் பல விகிதத்தில் கலந்து அளந்து, எத்தனால் பூஜ்ஜியமாகும் இடம்வரை கோட்டை நீட்டிப் பார்ப்பார்கள். அதற்கு யசுடா-ஷெட்லோவ்ஸ்கி முறை என்று பெயர். உங்களுக்கு அது தேவையில்லை.

முதுவேதியர்:
கரைப்பான் விஷயத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பியூரெட்_பிரியன்:
நீங்கள் சொன்னது கார்பனேட் சார், மேலே அப்படியே இருக்கிறது. பிஹெச் 5-க்குக் கீழே கார்பனேட் பெரும்பாலும் கரைந்த கார்பன் டை ஆக்சைடாகவே கிடக்கும். முடிவுப்புள்ளி கொஞ்சம் தள்ளிப்போகலாம், அதற்காக 0.7 தள்ளாது.

முதுவேதியர்:
அனுபவத்துக்கு இங்கே மரியாதை இல்லை.

தண்டையார்பேட்டை_கெம்:
4.17!!! தண்ணீரைக் கொதிக்கவைத்தும் விட்டேன். ரொம்ப நன்றி அண்ணா. கிராஃப் வரையணும், வருகிறேன்.

ஓரமாய்_ஒருவன்:
4.20 ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கரைசலில் இருக்கும் அயனிகளால்தான், ஆக்டிவிட்டி (அயனிகளின் செயல்படும் செறிவு) திருத்தத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

மணலி_மாமா:
அம்மாடி, கொதிக்கவைத்தது அதே பேட்டரி தண்ணீரா, வேறு தண்ணீரா? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போ.

கொருக்குப்பேட்டை_குடுவை:
விட மாட்டீங்களா மாமா?