தின்னாமலே நேரும் இழப்புக்கு என்ன சொல்?

அல்சூரிலிருந்து:
வணக்கம். நம் பெங்களூரு ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாடித்தோட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். என் பூசணிப் பூவின் விளிம்பில் கும்பிடுபூச்சி ஒன்று முன்கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. தேனீக்கள் வந்தன, பூவுக்கு மேலே ஒரு கணம் தயங்கின, இறங்காமலே போய்விட்டன. அது ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. பூசணிப் பூ விரிவது ஒரே ஒரு காலை. அன்று மகரந்தம் சேராத பெண்பூவின் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். வேட்டையாடும் உயிர் தின்னாமலே, அச்சத்தால் மட்டும் உண்டாக்கும் இந்த இழப்பை 'கொன்றுண்ணியின் நுகர்வுசாரா விளைவு' என்று எழுதிப் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளையின் வாயில் நுழையாது.

ஜெயநகரிலிருந்து:
'அணங்கு விளைவு' என்று வையுங்கள் அம்மா. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தொடாமலே வருத்தும் தெய்வம் அணங்கு. நம்மிடம் இருக்கும் சொல்லை ஏன் புதைக்க வேண்டும்?

இந்திராநகரிலிருந்து:
ஐயா, அந்த நான்கிலேயே விலங்கும் இருக்கிறதே! தேனீக்குக் கும்பிடுபூச்சி விலங்குதான். அணங்கு என்றால் பிள்ளைகள் பேய் என்றுதான் நினைப்பார்கள். வயலில் நிறுத்தும் வெருளி யாரையும் தொடுவதில்லை, பறவை மட்டும் இறங்காது. கன்னடத்தில் 'பெதரு பொம்பெ' என்று இந்தப் பிள்ளைகளுக்கே தெரியும். 'வெருட்டு விளைவு' போதும். கொன்றுண்ணி என்ற சொல்லும் வேண்டாம், வேட்டைப்பூச்சி என்போம்.

ஜெயநகரிலிருந்து:
பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்திக்கு எட்டுக் கால். அது எப்படிப் பூச்சியாகும்? இன்னொன்று: குறுந்தொகையின் 'அஞ்சிறைத் தும்பி' தேன் தேடும் வண்டு. இன்று தும்பி என்பது பறந்தபடியே பூச்சி பிடிக்கும் தட்டான். இரையின் பெயர் வேட்டையாடிக்குப் போய்விட்டது. கையேட்டில் தட்டான் என்றே எழுதுங்கள்.

மல்லேசுவரத்திலிருந்து:
சொல் எதுவானாலும் பொறிவண்டைத் தனியே சொல்லுங்கள். அது தின்பது செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியை. எல்லாம் வேட்டைப்பூச்சி என்று படித்த பிள்ளை அதையும் நசுக்கிவிடும். கும்பிடுபூச்சியையும் கொல்ல வேண்டாம்; பூவிலிருந்து எடுத்து அவரைக் கொடியில் விட்டால் போதும்.

அல்சூரிலிருந்து:
அப்படியே சேர்க்கிறேன். சிலந்தியும் அடங்க 'வேட்டையாடிகள்' என்கிறேன். நேரமில்லை, இந்திராநகர் சொன்னபடி 'வெருட்டு விளைவு' போகட்டும்.

ஜெயநகரிலிருந்து:
போகட்டும். ஆனால் வெருட்டுதல் பிறவினை. கும்பிடுபூச்சி வெருட்டவில்லை, அசையாமல் இருக்கிறது, வெருள்வது தேனீ. அடுத்த பதிப்பிலாவது 'வெருட்சி' என்று திருத்துங்கள்.